அந்த மேசையில் எதிரி இல்லை

குழுப் பயிற்சி தொடங்கி ஏழாவது நிமிடம். என் தாளின் இடது ஓரத்தில் நேரம். அதன் அருகே காதில் விழுந்த சொற்கள். "10.07 - 'அதைப் பிறகு பார்ப்போம், முதலில் என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன்.' 10.09 - எதிரில் இருந்த பெண் ஏதோ சொல்லத் தொடங்கினார், முடிக்க விடவில்லை. 10.12 - மறுபடியும்."

நான் கவனித்துக்கொண்டிருந்தது ஒரு தமிழ் இளைஞரை. லண்டனில் ஒரு பெரிய கணக்காய்வு, ஆலோசனை நிறுவனம். பட்டதாரி வேலைக்கான மதிப்பீட்டு நாள். அறையின் மூலைகளில் தாளும் பேனையுமாக இருந்த மதிப்பீட்டாளர்களில் நானும் ஒருவன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை. காலையில் வரவேற்பறையில் படபடப்போடு நின்ற இன்னொருவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, நாற்காலி இழுத்துப் போட்டு இருத்தியவர். மேசையில் இருந்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

பயிற்சி இதுதான். ஒரு கடைத்தொடர் நட்டத்தில் ஓடுகிறது. எந்தக் கிளைகளை மூடுவது, எந்தக் கிளையில் பணம் போட்டுத் திருத்துவது என்று ஆறு பேரும் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் முடிவு சொல்லவேண்டும். ஆறு பேர் கையிலும் பொதுவான பக்கங்கள் சில, ஒவ்வொருவருக்கும் மட்டுமே உரிய பக்கம் ஒன்று. அந்தப் பெண்ணின் பக்கத்தில், குழு ஆசைப்பட்ட கடையின் குத்தகை அடுத்த ஆண்டே முடிகிறது என்ற செய்தி இருந்தது. அதைச் சொல்லத்தான் அவர் மூன்று முறை வாய் திறந்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு அவரும் விட்டுவிட்டார். குழு அந்தக் கடையிலேயே பணத்தைக் கொட்டுவதாக முடிவெடுத்தது. நம்முடைய பிள்ளைதான் எழுந்து நின்று, நல்ல ஆங்கிலத்தில், நல்ல குரலில், அந்தப் பிழையான முடிவை அறிவித்தார்.

அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு மனம் சரியில்லை. ஏனென்றால் அவர் செய்தது அவருடைய குணம் அல்ல. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொற்கள்கூட எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் கேட்டவை.

"முதல் ஆளா நீதான் கதைக்கோணும், தம்பி. மற்றவையைக் கதைக்க விட்டியோ, உன்னை மேவிப் போயிடுவினம். அங்க இருக்கிற எல்லாரும் உன்ர இடத்துக்குத்தான் வந்திருக்கினம்."

இந்த அறிவுரை அடியோடு பிழை என்பதே என் வாதம். ஓரளவு பிழை, சில இடத்தில் பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த நாள் எதற்காக அமைக்கப்பட்டதோ, அதற்கு நேர் எதிரானதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

அறியாதவர்களுக்காக அந்த நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் டெலோய்ட், பிடபிள்யூசி, ஈவை, கேபிஎம்ஜி என்ற நான்கு பெரிய நிறுவனங்களும், அவற்றுக்கு அடுத்த வரிசையில் உள்ளவையும் பல்கலைக்கழகம் முடித்தவர்களை எடுக்கும்போது, விண்ணப்பம், இணையச் சோதனைகள் எல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்கு வருபவர்களை ஒரு நாள் கூப்பிடுவார்கள். அசெஸ்மன்ற் சென்ரர் என்பார்கள். பெயரைக் கேட்டு அது ஒரு கட்டடம் என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அது ஒரு முறையின் பெயர். இப்போது பல நிறுவனங்கள் கணினித் திரையிலேயே நடத்துகின்றன. குழுப் பயிற்சி ஒன்று, ஆவணக் கட்டு ஒன்றைப் படித்து அறிக்கையோ மின்னஞ்சலோ எழுதும் பயிற்சி ஒன்று, சிறு விளக்கவுரை, மூத்த அதிகாரி ஒருவருடன் நேர்காணல், சில இடங்களில் வாடிக்கையாளராக நடிக்கும் ஒருவருடன் உரையாடல். நிறுவனத்துக்கு நிறுவனம் கலவை மாறும். அடிப்படை ஒன்றுதான்: ஒரே ஆளைப் பல வேலைகளில், பல பேர் பார்ப்பது.

பக்கத்தில் இருப்பவர் இடத்தைப் பறித்துவிடுவார் என்ற பயம் எங்கள் வீடுகளில் எங்கிருந்து வந்தது என்பதை மதிக்காமல் அந்த அறிவுரையைத் திட்டுவது நியாயம் ஆகாது. அது வெறும் பேராசையில் பிறந்த பயம் அல்ல.

இலங்கையில் பல்கலைக்கழக இடம் என்றால் என்ன என்பதை எங்கள் தலைமுறையும் அதற்கு முந்திய தலைமுறையும் உடம்பால் அறிந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 250 வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாக இருந்தது. அந்த இருபத்தொரு புள்ளி இடைவெளியில் எத்தனை வீடுகளின் கதை மாறியது! பிறகு மாவட்ட ஒதுக்கீடு, பிறகு இசட் புள்ளி, தீவளாவிய நிலை, மாவட்ட நிலை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையிலேயே பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்றால் என்ன என்று தெரிந்துவிடும். அங்கே ஒருவருடைய இடம் மற்றவருடைய இழப்பு. அது கற்பனை அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கோடு இங்கே வந்தோம். வந்த இடத்திலும் அதே கணக்கு ஒரு பரீட்சையில் காத்திருந்தது. கிங்ஸ்ரனில் ரிபின் பாடசாலைக்கும் பார்னற்றில் குயின் எலிசபெத் பாடசாலைக்கும் பதினொரு வயதில் எழுதும் பரீட்சையில் உள்ளதும் புள்ளி வரிசைதான். மேலே உள்ளவர்கள் உள்ளே, கீழே உள்ளவர்கள் வெளியே. சனிக்கிழமை ரியூசன், ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தாள், பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை எத்தனை எடுத்தது என்ற கேள்வி. பத்து வயது முதல் இருபத்தொரு வயது வரை பக்கத்தில் இருப்பவர் ஒரு எண்ணாகவே தெரிகிறார். அப்படி வளர்த்த பிள்ளையைத்தான் ஒரு நாள் ஐந்து பேரோடு ஒரே மேசையில் இருத்துகிறார்கள்.

போதாததற்கு, எண்ணிக்கைகளும் பயமுறுத்துகின்றன. இங்குள்ள மாணவர் வேலைவழங்குநர் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, அதன் உறுப்பினர் நிறுவனங்கள் பதினேழாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பட்டதாரி இடங்களுக்குப் பன்னிரண்டு இலட்சம் விண்ணப்பங்களைப் பெற்றன. நிறுவனம் நிறுவனமாகப் பார்த்து அது சொன்ன சராசரி, ஒரு இடத்துக்கு 140. இந்த எண் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் அந்த 140 பேரும் மேசையைச் சுற்றி இருப்பதில்லை. அந்தப் போட்டியின் பெரும்பகுதி விண்ணப்பத்திலும் இணையச் சோதனையிலும் முடிந்துவிடுகிறது. மதிப்பீட்டு நாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், வேலையைச் செய்யக்கூடிய அறிவு இவரிடம் இருக்கலாம் என்று நிறுவனம் ஏற்கனவே நம்பத் தொடங்கிவிட்டது. அன்று அது தேடுவது வேறு.

அந்த வேறு என்ன என்பதற்கு, இந்த முறை பிறந்த கதைக்குப் போகவேண்டும். அது தெரிந்திருந்தால் யாரும் பிள்ளையிடம் "முந்திக்கொள்" என்று சொல்லி அனுப்பமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிரித்தானியப் படைக்கு நல்ல அதிகாரிகள் போதவில்லை. அதுவரை பழைய வழி: ஒரு சிறு நேர்காணல். எந்தப் பாடசாலை, எந்தக் குடும்பம் என்பது அங்கே நன்றாக எடுபட்டது. அப்படித் தெரிவானவர்களில் கணிசமானோர் பயிற்சியிலேயே தோற்றுத் திரும்பினார்கள். தகுதியிருந்தும் தங்களை யாரும் பார்க்கப்போவதில்லை என்று சாதாரண வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே இல்லை. 1942இல் எடின்பரோவில் உளமருத்துவர்களும் உளவியலாளர்களும் படையதிகாரிகளும் சேர்ந்து புது முறை ஒன்றைப் பரீட்சித்தார்கள். அதிலிருந்து வந்தவைதான் போர் அமைச்சின் தேர்வுச் சபைகள். அந்த உளமருத்துவர்களில் ஒருவர் வில்பிரெட் பியோன். முதல் உலகப் போரில் தாங்கிப் படையில் இருந்து வீர விருது பெற்றவர், பிறகு உளப்பகுப்பாய்வில் பெரும் பெயர் எடுத்தவர்.

பியோன் செய்தது மிக எளிமையானது. ஒரு சிறு குழுவை ஒரு வேலையின் முன் நிறுத்தினார். தலைவன் யார் என்று சொல்லவில்லை. வேலை எப்படி முடிகிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அங்கே நிற்கும் ஒவ்வொருவனும் தன்னை மெச்சவைக்க வந்திருக்கிறான். ஆனால் பக்கத்தில் நிற்பவனோடு சேராமல் அந்த வேலையில் தன்னைக் காட்ட வழியே இல்லை. இந்த இரண்டு இழுப்புகளுக்கும் நடுவே அகப்பட்ட மனிதன் என்ன செய்கிறான்? தன் ஆசை முன்னுக்கு வந்ததும் கூட நிற்பவர்களை மறந்துவிடுகிறானா, அல்லது அந்த இறுக்கத்திலும் அவர்களோடு உறவை வைத்துக்கொள்கிறானா? அவர் பார்க்க விரும்பியது அதை மட்டுமே. போர்க்களத்தில் இருபது முப்பது உயிர்களை ஒப்படைக்கப்போகும் ஆளிடம் அதைத்தானே பார்க்கவேண்டும்.

போர் முடிந்ததும் பிரித்தானியக் குடிமைச் சேவை 1945இல் இதே வழியை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஏடிஅன்ட்டி தொலைபேசி நிறுவனம் 1956இல் தன் முகாமையாளர்களை நீண்டகாலம் ஆராயத் தொடங்கியபோது இது வணிக உலகத்துக்குள் வந்தது. இந்தியப் படைகளின் தேர்வு வாரியங்கள் இன்றும் தலைவனில்லாக் குழுவை வைத்தே அதிகாரிகளைத் தேடுகின்றன. நம் பிள்ளைகள் லண்டனில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் பதினான்காவது மாடியில் கடைக் கிளைகளைப் பற்றிப் பேசும் பயிற்சி, அந்த 1942ஆம் ஆண்டுப் பயிற்சியின் நேர் வாரிசு. தன்னைக் காட்டும் ஆசை ஒருவரை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே அமைத்த இடத்துக்கு, அந்த ஆசையை ஊதிப் பெருப்பித்து நாம் அனுப்பிவைக்கிறோம்.

புள்ளி எப்படி விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். நான் என் தாளில் முதலில் எழுதுவது தீர்ப்பு அல்ல. என்ன சொன்னார், என்ன செய்தார், எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். பயிற்சி முடிந்த பிறகே அந்தக் குறிப்புகளை எடுத்து, முன்கூட்டியே வகுத்த தகுதிகளின் கீழ்ப் பிரித்து வைக்கிறோம்: சேர்ந்து உழைத்தல், தரவைப் படித்து முடிவுக்கு வருதல், தெளிவாகச் சொல்லுதல் என்று. ஒவ்வொன்றுக்கும் எந்த நடத்தை எந்தப் புள்ளி என்று எழுதிய அளவுகோல் இருக்கிறது. மாலையில் எல்லா மதிப்பீட்டாளர்களும் கூடி, ஆள் ஆளாகப் பேசுகிறோம். யார் முதலாவது, யார் இரண்டாவது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பதே கேள்வி. ஒரு நாளில் வந்த அத்தனை பேரும் தேறிய நாளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் தேறாத நாளையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தகுதிப் பட்டியலில் "அதிகம் பேசினார்" என்று ஒரு வரி கிடையாது. முதலில் பேசியவருக்கென்று புள்ளி கிடையாது. மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லுவதற்கும், வெள்ளைப் பலகையில் எழுதும் பேனையைக் கைப்பற்றுவதற்கும் புள்ளி கிடையாது. இந்த இரண்டையும் யாரோ பரப்பிவிட்டு, இப்போது ஒரே மேசையில் மூன்று பேர் நேரம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். "நீங்கள் ஏதோ சொல்லவந்தீர்கள், சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இடம் உண்டு. "நான் முதலில் வேறு மாதிரி நினைத்தேன், உங்கள் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகு மாற்றிக்கொள்கிறேன்" என்றால் அதற்கும் உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களையும், முந்திக்கொள்ள ஓடுகிறவரால் சொல்லவே முடியாது.

"இடம் இரண்டு, தேறியவர் ஐந்து என்றால்?" என்று ஒரு தகப்பன் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. சில கிளைகளில், சில துறைகளில் அப்படி நடப்பது உண்டு. தேறியும் காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து பேர் ஒரே மேசையில் இருந்தவர்கள் அல்லர். ஒரு பருவத்தில் பல நாட்கள் மதிப்பீடு நடக்கிறது. நாலு நாள் முன்னர் இன்னொரு குழுவில் இருந்தவரோடும், இரண்டு வாரம் கழித்து வரப்போகிறவரோடும்தான் உங்கள் பிள்ளையின் புள்ளி ஒப்பிடப்படுகிறது. பக்கத்தில் இருந்த பெண்ணின் வாயை அடைத்ததால் அந்தப் புள்ளி ஏறாது. அவர் பேசியிருந்தால் குழுவின் முடிவு சரியாக வந்து, எல்லோர் புள்ளியும் ஏறியிருக்கும். இடம் குறைவு என்பது உண்மையானால், மேசையில் இருப்பவர்களோடு சேர்ந்து நன்றாகச் செய்வதற்கு அது இன்னும் பெரிய காரணம்.

இன்னொரு எதிர்ப்பு எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம். "எங்கட பிள்ளை அமைதியானது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் சின்னனிலேயே மேடையேறிப் பழகினதுகள். பேசாம இருந்தால் எங்கட பிள்ளையை ஆர் பாப்பினம்?" இதை வெறும் பயம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. 2015இல் சமூக நகர்வு, சிறுவர் வறுமை ஆணைக்குழு இங்குள்ள சட்ட, கணக்காய்வு, நிதி நிறுவனங்களில் முன்னணியான 13ஐ ஆராய்ந்தது. அவை கொடுத்த வேலைகளில் பத்தில் ஏழு வரை, கட்டணப் பாடசாலைகளிலோ தெரிவு செய்து சேர்க்கும் அரச பாடசாலைகளிலோ படித்தவர்களுக்கே போயிருந்தன. உச்சரிப்பு, நடையுடை, ஊர் சுற்றிய அனுபவம் எல்லாம் திறமை என்ற பெயரில் எடைபோடப்பட்டன என்றும் அது சொன்னது. அதே ஆண்டில் ஈவை தன் நுழைவுக்கான பரீட்சைப் பெறுபேற்று நிபந்தனைகளை நீக்கியது. பிடபிள்யூசி உயர்தரப் புள்ளி நிபந்தனையைக் கைவிட்டது. கேபிஎம்ஜி 2021இல், உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 2030க்குள் தன் பங்காளர்களிலும் இயக்குநர்களிலும் 29 வீதமாக இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. மாற்றம் வருகிறது, போதாது. நிறுவனங்கள் தங்கள் தகுதிப் பட்டியலை இன்னும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், அமைதியான பிள்ளை சிந்தித்துப் பேசும் நேரத்தையும் அளவுகோலில் எழுதி வைக்கவேண்டும் என்று நான் உள்ளே இருந்தும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த அநீதிக்கு மருந்து, அமைதியான பிள்ளையைச் சத்தக்காரனாக நடிக்கச் சொல்வதல்ல. மேடையில் பழகிய பிள்ளை இயல்பாகப் பேசுகிறது. எங்கள் பிள்ளை அதைப் பார்த்து நடிக்கும்போது, பேச்சின் வேகம் மட்டும் வருகிறது, காது மூடிக்கொள்கிறது. அமைதியான பிள்ளையிடம் இருக்கும் ஒரே பெரிய பலம் அந்தக் காது. மற்றவர்கள் முண்டியடிக்கும்போது யார் என்ன சொன்னார் என்று நினைவில் வைத்திருப்பது அதுதான். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை வாய் திறந்து, "இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள், பிரச்சினை இந்த எண்ணில்தான் இருக்கிறது" என்று சொன்ன ஒரு பெண் பிள்ளையைப் பற்றி மாலைக் கூட்டத்தில் நான்கு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே அதே வாக்கியத்தை எழுதி வைத்திருந்ததைக் கண்டோம்.

முழுதும் வாய் திறக்காமல் இருந்தால் நாங்கள் எழுத ஒன்றும் இருக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வெற்றுத் தாளுக்குப் புள்ளி போட யாராலும் முடியாது. பேசத்தான் வேண்டும். யாருக்காகப் பேசுகிறோம் என்பதில்தான் எனக்கும் அந்த அறிவுரைக்கும் வழக்கு.

இதற்கு எதிர்க் கரையில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது: "இதற்கெல்லாம் தயாராக முடியாது, நீ நீயாகவே இரு, போதும்." பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் இதைக் கேட்கலாம். அப்பாவும் அம்மாவும் இப்படியான அலுவலகங்களில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அது போதும். இரவு உணவு மேசையே அவர்களுக்குப் பயிற்சிக் கூடம். இரவு வேலைக்குப் போகும் தாயும் பெற்றோல் நிலையத்தில் நிற்கும் தகப்பனும் வளர்த்த பிள்ளைக்கு அது போதாது. தயாராக வேண்டும். வேறு விதமாக.

ஆவணக் கட்டிலிருந்து தொடங்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் படிக்கத் தெரியும். அதில் உள்ள எல்லாம் முக்கியம். இங்கே கொடுக்கும் இருபது முப்பது பக்கத்தில் பாதி வேண்டாதது. வேண்டாதது என்று கண்டுபிடிப்பதே பரீட்சை. ஒரு மின்னஞ்சல் ஒன்றைச் சொல்லும், ஏழு பக்கம் தள்ளி ஒரு அட்டவணை அதை மறுக்கும். இதற்கு விலை கொடுத்து வாங்கும் மாதிரித் தாள் வேண்டாம். தெரிந்த கடைத்தொடர் ஒன்றின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. முப்பது பக்கத்தை எடுத்து, இருபத்தைந்து நிமிடம் மணிக்கூட்டை வைத்து, "இந்த நிறுவனத்துக்கு இப்போது மிகப்பெரிய தொல்லை எது, அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில்" என்று ஒரு பக்கம் எழுதட்டும். எழுதியதை வீட்டில் யாருக்காவது தமிழில் விளக்கட்டும். அம்மாவுக்கு விளங்கவில்லை என்றால் எழுதியவருக்கே இன்னும் விளங்கவில்லை. நான் பார்த்த எல்லா ஆயத்தங்களிலும் இதைவிடப் பலன் தந்த ஒன்று இல்லை. வேலைக்குப் போன பிறகு முதல் இரண்டு ஆண்டு செய்யப்போவதும் இதைத்தான்: ஒருவருடைய கணக்கைப் படித்து, அவர் சொன்னதும் எண் சொல்வதும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது.

வீதக் கணக்கையும் பழகட்டும், கையால், கணினி இல்லாமல். உடை பற்றிச் சுத்தமாக இருந்தால் போதும் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்பதில் குறைபாடோ, வாசிப்பதில் சிரமமோ இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கூடுதல் நேரம் போன்ற தகுந்த மாற்றங்களைச் செய்யவேண்டியது அவர்களுடைய கடமை. எங்கள் குடும்பங்கள் இதை மறைக்கின்றன. சொன்னால் கழித்துவிடுவார்கள் என்று பயம். மறைத்ததால் தோற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பிறகு குழு. இதைத் தனியாகப் பழக முடியாது என்பதே அதன் அழகு. சில ஆண்டுகளாக ஹறோவில் ஒரு தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில், வகுப்பு முடிந்த சனிக்கிழமை மாலைகளில் நானும் இரண்டு நண்பர்களும் ஆறு ஆறு பேராக இருத்திப் பழக்குகிறோம். வருபவர்கள் பலர் ஒரே நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தவர்கள். முதல் நாள் ஒருவருடைய தாளை மற்றவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொள்வார்கள். பத்து வயதில் பழகிய கை. நாங்கள் ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறோம். நீங்கள் புதிதாக ஒன்று சொல்வதற்கு முன், உங்களுக்கு முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வரியில் சொல்லவேண்டும்; அவர் "ஓம், அதுதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. ஆரம்பத்தில் இது அவர்களுக்குப் பெரும் சிறையாக இருக்கும். அரை மணி நேரத்தில், அதுவரை கேட்காத குரல்கள் அந்த மேசையில் கேட்கத் தொடங்கும். மூன்றாம் வாரம் தாளை மறைக்கும் கை தானாக விலகும். யாருக்காவது நேர்காணல் கடிதம் வந்தால் மற்ற ஐந்து பேரும் அந்த வார இரவுகளில் அவரோடு இருந்து பழக்குகிறார்கள், தங்களுக்கும் அதே நிறுவனத்திலிருந்து கடிதம் வரக்கூடும் என்று தெரிந்துகொண்டே.

நான் இதை இவ்வளவு கோபத்தோடு எழுதுவதற்குக் காரணம் வேலை கிடைக்காமல் போவது மட்டுமல்ல. தோற்று வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நாங்கள் சொல்லும் விளக்கம் அதைவிடக் கொடியது. "நீ கொஞ்சம் கூட அடிச்சுக் கதைச்சிருக்கோணும். விட்டுக் குடுத்திட்டாய்." அடுத்த முறை அந்தப் பிள்ளை இன்னும் முரட்டுத்தனமாக முந்துகிறது, இன்னும் மோசமாகத் தோற்கிறது. மூன்றாம் முறைக்குப் பிறகு, "எனக்குத் திறமை இல்லை" என்று நம்பத் தொடங்குகிறது. அந்த இளைஞரின் பின்னூட்டத்தில் நாங்கள் எழுதியதை அவர் வீட்டில் யாராவது பொறுமையாக வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. வாசித்திருந்தால், அவர் தோற்றது பேசாததால் அல்ல என்பது அதில் தெளிவாக இருந்தது.

இந்த நாளின் தீர்ப்பை ஒரு மனிதனின் விலையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாக்கெட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2022இல் பல பத்தாண்டு ஆய்வுகளை மீளக் கணக்கிட்டார்கள். தேர்வில் பெற்ற புள்ளிக்கும் பிறகு வேலையில் செய்த சாதனைக்கும் உள்ள தொடர்பை ஒன்று என்ற முழு எண்ணுக்கு அளந்தபோது, ஒழுங்காக அமைத்த நேர்காணலுக்கு 0.42 வந்தது, மதிப்பீட்டு மையத்துக்கு 0.29. ஏதோ ஒன்றைக் காண்கிறது. முழு மனிதனையும் காணவில்லை. அந்த அறையின் மூலையில் இருந்து எழுதும் எனக்கு இது ஒவ்வொரு முறையும் நினைவில் இருக்கிறது. பெற்றோருக்கும் இருக்கவேண்டும்.

அடுத்த பருவம் தொடங்குகிறது. ஒக்டோபரிலிருந்து கடிதங்கள் வரும். காலையில் பிள்ளையை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது அந்தப் பழைய அறிவுரையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாலையில் திரும்பி வந்ததும், "எத்தினை பேரை எடுப்பினமாம்?" என்று கேட்காதீர்கள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "ஆர் ஆரெல்லாம் வந்திருந்தவை?" என்று கேளுங்கள். பிள்ளை ஐந்து பேருடைய பெயரையும் சொல்லி, ஒவ்வொருவரும் என்ன சொன்னார் என்றும் சொல்லத் தொடங்கினால், இருந்து கேளுங்கள்.